அது துரையின் கோட்டு அல்ல

உன் தாய்மாமன் என் அப்பாவை வேலைக்காரனாக்கிவிட்டான். பர்மா சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த ஒரு சிப்பாயை, மலைமேல் பங்களாவில் துரைக்குப் பூட்சு துடைத்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சர்க்கார் அப்பாவுக்குக் கொடுத்த கம்பளிக் கோட்டை, துரை போட்டுப் பழசாக்கி வேலைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்த கோட்டு என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறான். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. உனக்கும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போனில் பேசினாய். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், தாய்மாமன் பெயரைப் போட்டுவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். "ஒரு பழைய கோட்டுக்காகவாம்மா?" என்று சிரித்தாய். சிரித்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ முழுக் கதையையும் கேட்டதில்லை; உன் மாமன் சொன்ன பாதியைத்தான் கேட்டிருக்கிறாய். மீதியை இங்கே எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். உன் மாமனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. அவர் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஏலத்தோட்டத்தில் காவலுக்குப் போனார். தோட்டத்தைச் சுற்றி நடப்பதும், காட்டுப் பன்றியை விரட்டுவதும், காய் திருடுகிறவனைப் பிடிப்பதும்தான் அவர் சோலி. பங்களா அந்தத் தோட்டத்துக்குள்தான் இருந்தது, ஆனால் அவர் அதன் படியேறியதில்லை. துரை காரில் போனால் ஒதுங்கி நின்று பட்டாளத்து சல்யூட் ஒன்று அடிப்பார், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மேலே இருக்கும் குளிர் உனக்குத் தெரியும். அந்தக் குளிரில் அவரைக் காப்பாற்றியது அந்தக் கோட்டுதான். முழங்காலுக்குக் கீழே வரும், நனைந்தால் ஒரு ஆள் கனம் கனக்கும். உள்பக்கம் கிழிந்தபோது என் அம்மா ஏலக்காய் மூட்டைச் சாக்கில் ஒரு துண்டு வெட்டி, உள்பையை மூடி ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோட்டைப் போட்டால் அப்பா மேல் எப்போதும் ஏலக்காய் வாசம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் பின்னால் உன் மாமனைக் காட்டிக்கொடுத்தது. நம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவது வழக்கம். அப்பா மட்டும் பெயர் வெட்ட மாட்டார். அவருடைய பட்டாள எண்ணைத்தான் வெட்டச் சொல்வார். "பேரு ஊர்ல பத்துப் பேருக்கு இருக்கும்ல, இந்த நம்பரு எனக்கு மட்டுந்தான் இருக்கு" என்பார். சொம்பு, குத்துப்போணி, சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் அந்த எண்தான். என் கல்யாணச் சீரில் வந்த பாத்திரங்களைப் பார்த்து உன் அப்பா வீட்டில் என்ன கணக்கு இது என்று கேலி செய்தார்கள். பாகம் பிரித்தபோது பாதிப் பாத்திரம் உன் மாமனுக்குப் போனது. இன்றைக்கும் அவன் சாப்பிடுவது அந்த எண் வெட்டிய தட்டில்தான்.

நான் எதை வைத்துக் கோட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று நீ கேட்கலாம், உன் மாமன் கேட்டான். நீ கைக்குழந்தையாக இருந்தபோதே உன் அப்பா இறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு நான் போடி சந்தையில் பழைய ஸ்வெட்டர், ஜெர்க்கின், கோட்டு விற்றேன். வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக, கட்டுக் கட்டாக வரும் பழைய துணியைத் தூத்துக்குடியிலிருந்து எடுத்து வருவோம். மலைக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் ஆட்கள் மழை தொடங்குமுன் வந்து வாங்குவார்கள். உனக்கும் அதிலிருந்துதான் ஸ்வெட்டர். பள்ளிக்கூடத்தில் ஒருவன் "செத்தவன் சட்டை" என்று சொல்லிவிட்டான் என்று அதைக் கழற்றி வாய்க்காலில் வீசினாய். நான் உன்னை அடிக்கவில்லை. வாய்க்காலில் இறங்கி எடுத்து, உலர்த்தி, கழுத்தில் இருந்த லேபிளைக் காட்டி, இது இந்த ஊரில் தைத்தது, இன்ன ஆட்டு மயிர், இப்படித் துவைக்கச் சொல்லியிருக்கிறான் பார் என்று சொன்னேன். மறுநாள் நீ அதைப் போட்டுக்கொண்டு போய் அவனிடமே லேபிளைக் காட்டினாய். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆங்கில எழுத்துகளை அந்த லேபிள்களில்தான் படித்தேன்.

லேபிள் பொய் சொல்லும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பொய் சொல்லாது. தண்ணீர்த் தொட்டி, இஸ்திரிப் பெட்டி என்று படம் போட்டுத் துவைக்கும் முறை சொல்லியிருந்தால் அது சண்டைக் காலத்துத் துணி இல்லை. அந்தப் படங்களெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தவை. வழுவழுப்பான நாடாவில் அச்சடித்த லேபிள் புதுசு. பருத்தி நாடாவில் நெய்த லேபிள் பெரும்பாலும் பழசு. தையல் நூலையும் பார்க்க வேண்டும். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கின் கீழே பிடித்தால் இந்தக் காலத்து நூல் பளிச்சென்று மின்னும், அந்தக் காலத்துப் பருத்தி நூல் மின்னாது. ஆனால் பழைய துணியையும் சோப்புப் பவுடரில் துவைத்திருந்தால் அதுவும் மின்னும், அதனால் விளக்கை மட்டும் நம்பக் கூடாது. எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒருமுறை பேலில் ஒரு குழந்தைக் கோட்டு வந்தது. அதன் லேபிளில் வாய் திறந்த இரண்டு வட்டமும் 41 என்ற எண்ணும் இருந்தன. அது நாற்பத்தொன்றில் தைத்தது என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கல்லூரியிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாய்: அது இங்கிலாந்தில் சண்டைக் காலத்தில் சிக்கனத் துணிக்குப் போட்ட முத்திரை, சண்டை முடிந்த பிறகும் சில வருடம் போட்டார்களாம், எண் மாறவே இல்லையாம். பட்டாளக் கோட்டிலும் அப்படித்தான், அந்த மாதிரிக் கோட்டு முதலில் வந்த வருடம் ஒன்று, அதைத் தைத்த வருடம் இன்னொன்று. அம்புக்குறி போட்டிருந்தால் சர்க்கார் உடைமை, அம்புக்கு அடியில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியாவில் செய்தது என்று படத்தோடு அனுப்பினாய். "என்னம்மா, துப்பறியப் போறியா?" என்று கேலி செய்தாய். ஆக, எனக்குத் தெரிந்ததில் பாதி நீ கொடுத்தது. இப்போது தெரியாதவன் மாதிரிப் பேசாதே.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு கோட்டு என் மரப்பெட்டியில்தான் இருந்தது. அவரே என் தோளில் போட்டுவிட்டுக் கொடுத்தது. முந்தின வருடம் ஐப்பசியில் உன் மாமன் வந்தான். அவன் ஜீப்பில் டூரிஸ்டு ஆட்களை மலைக்கு ஏற்றிப் போகிறவன் என்பது உனக்குத் தெரியும். "யக்கா, மேல குளிரு எலும்பக் கடிக்குது. அப்பா கோட்டக் குடுக்கா, சித்திரைக்குக் கொண்டாந்து தந்துர்றேன்" என்றான். அப்பாவின் மகன் கேட்கிறான், கொடுத்தேன். சித்திரை வந்தது, கோட்டு வரவில்லை. கேட்டால் துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றான். பிறகு பித்தான் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றான். ஆடியில் ஒருநாள் பையோடு வந்து நின்றான்.

"இந்தா உங்கப்பன் கோட்டு. இனிமே என்னப் பிச்சுத் திங்காத" என்றான்.

"உங்கப்பனா? ஒனக்கு ஆருடா அப்பன்?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தேன். காக்கி நிறம், நீளக் கோட்டு, கழுத்தில் லேபிள் இல்லை. சாக்குத் துண்டு ஒட்டும் இல்லை.

"ஒட்டு எங்கடா?"

"அசிங்கமா இருந்துச்சு, பிரிச்சுட்டேன்."

"லேபிளு?"

"கழுத்துல குத்துதுக்கா. நீயே எத்தன வெட்டியிருக்க?"

அது உண்மைதான். நம் ஊரில் எல்லோரும் கழுத்து லேபிளை வெட்டிவிடுவார்கள், வேர்வையில் அரிக்கும் என்று. அவனும் கழுத்தில் இருந்ததை வெட்டினான். இடுப்புப் பக்கத்துத் தையலுக்குள் இன்னொரு லேபிள் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. நம்மவர்கள் யாரும் அங்கே பார்ப்பதில்லை, ஏனென்றால் அது உறுத்தாது. நான் பார்த்தேன். வழுவழு நாடா. அதில் தண்ணீர்த் தொட்டிப் படம், அதன்மேல் பெருக்கல் குறி, அடியில் பாலியஸ்டர் என்று எழுத்து. அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஏன்டா, பர்மாவுல ஒங்கப்பன் வாசிங் மெசின் வச்சிருந்தாரா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெரசாக ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். நான் ஜெர்க்கின் விற்ற சந்தையிலேயே யாரிடமோ ஒரு கோட்டு வாங்கி, என்னிடமே அப்பா கோட்டு என்று கொண்டுவந்திருக்கிறான். என் அறிவை அவன் எந்த இடத்தில் வைத்திருந்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உண்மைக் கோட்டு எங்கே என்று எனக்குச் சொன்னது பேச்சியம்மாள். எனக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதி, சிலமலைக்காரி, இன்னும் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவள். அந்தப் பழைய பங்களாவை இப்போது டூரிஸ்டு விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே விசேசத்துக்குப் பாத்திரம் கழுவப் போனவள் வந்து சொன்னாள்: "ஏடி, ஒங்கப்பன் கோட்டு அங்க கண்ணாடிக்குள்ள நிக்கிதுடி. முன்பக்கம் விரிச்சு மாட்டிருக்காக. ஒங்காத்தா ஒட்டுப் போட்ட சாக்குன்னு நீ சொல்வியே, அது தெரியுது." மறுநாள் காலையில் அவளோடு ஆட்கள் போகும் ஜீப்பில் ஏறினேன். மலைப்பாதையில் மெட்டு ஏறும்போது எனக்கு வாந்தி வந்தது. அதையும் உன் மாமன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

விடுதிக் கூடத்தில் கோட்டு தொங்கியது. கீழே பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். துரை அணிந்த கோட்டு, தன் விசுவாசமான பணியாளுக்குப் பரிசாக அளித்தது, அந்தப் பணியாளின் மகன் வழங்கியது. அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அப்போது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. உன் மாமன் குரல் உள்ளே வந்தது, ஆள் பின்னால் வந்தான். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அவனோடு வந்தது. என்னை அவன் பார்க்கவில்லை. நான் தூணுக்கு அந்தப்பக்கம் நின்றேன்.

"எங்கப்பா தொரைக்கு வலது கைங்க. தொரை பூட்சு இவரு கை படாம வெளிய போவாது. ஒருநா பனி கொட்டுது, எங்கப்பா வெடவெடன்னு நடுங்கிட்டு நிக்கிறாரு. தொரை பாத்தாரு. கழட்டினாரு. இந்தாடான்னு மேல போட்டாரு. எங்கப்பா கால்ல விழுந்துட்டாருல்ல!" என்று சொல்லி, விழுவது எப்படி என்று பாதி குனிந்தும் காட்டினான். குடும்பத்தில் இருந்த பெண் 'அச்சச்சோ' என்றாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தினமும் அதைச் செய்கிறான் என்று அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

நான் தூணைத் தாண்டி வந்தேன். "எந்தத் தொரைடா? பேரச் சொல்லு" என்றேன்.

"யக்கா, நீ எங்க இங்க..."

"கால்ல விழுந்தாரா? சப்பான்காரன் சுட்டப்பவே குப்புற விழாத மனுசன்டா."

விடுதி மேனேஜர் ஓடிவந்தார். மலையாளத்துக்காரர், தன்மையான மனிதர். அவரிடம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார். இந்தச் சாக்கு ஒட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டதும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. திறந்தார். கழுத்து லேபிளை உன் மாமன் இதிலும் வெட்டியிருந்தான். ஒட்டை அவன் தொடவில்லை; பழசு மாதிரித் தெரிவதற்கு அது வசதி என்று விட்டுவைத்திருக்கிறான். பேச்சியம்மாள் இடுப்பிலிருந்த காய் வெட்டும் கத்தியால் ஒரு பக்கத் தையலைப் பிரித்தாள். உள்பை வெள்ளைத் துணியில் கறுப்பு மையில் அம்புக்குறி, அடியில் ஐ எழுத்து, 43 என்ற எண், அளவு. அதற்குக் கீழே கையால் எழுதிய எண். மை பரவியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. சொம்பில் உள்ள எண். தட்டில் உள்ள எண்.

மேனேஜரிடம் நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். துரைமார் கோட்டைத் தங்கள் தையல்காரரிடம் தைத்துக்கொள்வார்கள், உள்ளே தையல்கடைப் பெயர் இருக்கும். பட்டாளத்து ஆபீசர்கூடத் தன் உடுப்பைத் தானே தைத்துக்கொள்வார். சர்க்கார் முத்திரை குத்தி, எண் போட்டுக் கொடுத்தது சாதாரணச் சிப்பாய்க்குத்தான். நாற்பத்து மூன்று என்பது மாதிரி வந்த வருடமோ தைத்த வருடமோ, எனக்கு அக்கறை இல்லை. கையால் எழுதிய எண் ஒருவருக்கு மட்டும்தான் உண்டு. மேனேஜர் முழுவதையும் கேட்டார். "சேச்சி, எனிக்கு மனசிலாயி. ஆனா உங்க தம்பி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திட்டுண்டு. அவர் மாத்திச் சொன்னா நாளைக்கே போர்டு மாத்தும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்தவன் பக்கத்தில் நின்றான். மாத்திச் சொல்லுடா என்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பட்டாளத்துக்காரன் கோட்டுன்னா எவன்க்கா நின்னு பாப்பான்? தொரை கோட்டுன்னாத்தான் பாக்குறான். செத்த மனுசனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று யோசித்துப் பார். நீ போனில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான், கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னாய். குறைந்து போனது என்ன என்று நான் சொல்கிறேன். உனக்குப் பிள்ளை பிறக்கும். பெரிதானதும் மலைக்குக் கூட்டிப்போவாய். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அது தன் கொள்ளுத்தாத்தா துரை காலில் விழுந்த கதையைப் படிக்கும். உன் மாமனின் பேரனும் அதையே படிப்பான். இரண்டு தலைமுறை போனால் நம் வீட்டில் யாரும் சண்டைக்குப் போனதே இல்லை என்றாகிவிடும். ஒருவன் தன் ஜீப்பில் வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் செய்தான். வயிற்றுப் பசிக்காகச் செய்திருந்தால்கூட நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவன் கைதட்டுக்காகச் செய்தான்.

பெரியவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் சம்சாரத்தோடு சண்டை வந்தால் விட்டுக்கொடு, வேலையில் மேலே இருப்பவனோடு வந்தால் யோசித்து விட்டுக்கொடு. செத்துப்போன ஒருவரின் பெயரை ஒருவன் விற்றால் விட்டுக்கொடுக்காதே, ஏனென்றால் அது உன்னுடையது இல்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் கோபம் என்னோடு போய்விடும், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று உன் மாமன் நினைக்கிறான். அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறேன்.

தாய்மாமன் இல்லாமல் மணமேடையா என்று ராசிங்காபுரத்துச் சம்பந்தி கேட்பார் என்று பயப்படுகிறாய். மாலை எடுத்துக் கொடுப்பதும், பட்டம் கட்டுவதும், முதல் வேட்டி கொடுப்பதும் அவன் முறை. அந்த முறையை அவனுக்குக் கொடுத்தது நான் அவனுக்கு அக்கா என்பது இல்லை. அவன் என் அப்பாவுக்கு மகன் என்பது. அந்த மகன் என்பதை அவனே துரை பங்களாவில் வேலைக்காரன் மகன் என்று எழுதிக்கொடுத்து மாற்றிக்கொண்டான்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ பத்திரிகையை அச்சுக்குக் கொடு, தாய்மாமன் என்ற வரியை எடுத்துவிடு, அவன் பெயருக்காக என்னிடம் இனி வாதாடாதே. உன் மாமன் கூட்டம் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போய், அதே இடத்தில் நின்று, குனிந்து காட்டிய அதே சத்தத்தோடு, இது என் அப்பா பட்டாளத்தில் போட்ட கோட்டு, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழிக்க வேண்டும். வெட்டிய கழுத்து லேபிளைக் கொடுக்க வேண்டும், தொலைத்துவிட்டால் எங்கே தொலைத்தேன் என்று சொல்ல வேண்டும். மேனேஜர் பலகையைக் கழற்றிக் கோட்டை என்னிடம் தர வேண்டும். புதுப் பலகை எனக்கு வேண்டாம். பேச்சியம்மாள் அன்றைக்கு அங்கே இருந்து, அவன் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தால் அவன் மேடை ஏறலாம், மாலை எடுத்துக் கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். நடக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். தாய்மாமன் எங்கே என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் மைக்கில் பதில் சொல்வது என் வேலை. மன்னிப்பது யார் வேலை என்று நீ கேட்பாய். அது அப்பாவின் வேலை. அவர் இல்லை. அவருக்குப் பதிலாக அதைச் செய்ய எனக்கும் உரிமை கிடையாது, உனக்கும் கிடையாது.